மாவுப் பாத்திரத்தில் பாதி இடத்தை ஏன் காலியாக விட வேண்டும்?

கேள்வி:
வணக்கம். ஐந்து லிட்டர் எவர்சில்வர் தூக்கில் நான்கு லிட்டர் இட்லி மாவை இரவு கரைத்து வைத்தேன். காலையில் பார்த்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெங்கும் வழிந்திருந்தது. பாதிக்கு மேல் ஊற்றாதே என்று அம்மா சொல்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் முள்ளங்கியையும் கேரட்டையும் உப்புநீரில் புளிக்க வைக்கும்போது மட்டும் ஜாடியைக் கழுத்துவரை நிரப்பச் சொல்கிறார்களே, அதுவும் புளிப்பதுதானே?

மறுமொழி 1:
உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவதோடு கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகின்றன. ஒரு கிராம் குளுக்கோஸ் இவ்வழியில் சிதைந்தால், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 140 மில்லி லிட்டர் வாயு உண்டாகும். தண்ணீராக இருந்தால் குமிழிகள் மேலே வந்து உடைந்து போய்விடும். உளுந்தின் புரதமும் அதன் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருள்களும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவே இரு மடங்காக உப்புகிறது. ஆகவே அந்தக் காலியிடம் வாயு தங்குவதற்கானது அன்று, வாயுவைச் சுமந்து எழும் மாவுக்கானது. வாயு வெளியேற வழி வேண்டும் என்பதால் மூடியை இறுக்கவும் கூடாது.

மறுமொழி 2:
முந்தைய விளக்கத்திலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. உப்புநீர் குமிழிகளைப் பிடித்து வைப்பதில்லை. அங்கே அஞ்ச வேண்டியது காற்றையே. மேலே காற்று நிறைய இருந்தால் அதிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பூஞ்சையும் வெள்ளை ஆடை போன்ற ஈஸ்டும் பரப்பில் வளரும். என்றாலும் விளிம்புவரை நிரப்புவதும் தவறு. முதல் சில நாட்கள் நுரை எழும் என்பதால் இரண்டு விரல் அளவு இடம் விட்டு, ஜாடியின் அடியில் ஒரு தட்டையும் வையுங்கள். திராட்சை மதுவிலும் இப்படித்தான்: நுரை பொங்கும் தொடக்கத்தில் தாராளமாக இடம் விடுவார்கள், அது அடங்கியபின், காற்றுபட்டு வினிகராகிவிடாதிருக்கக் கழுத்துவரை நிரப்பிவிடுவார்கள்.

கேட்டவர்:
தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. மாவு விளிம்பைத் தொடும்போது கரண்டியால் கலக்கி அடக்கிவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். கலக்கினால் குமிழிகள் உடைந்து இட்லி கெட்டியாகிவிடும். அரைத்த உடனேயே, புளிப்பதற்கு முன்பாக, மாவை இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஊற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே ஊற்றுவது நல்லது.