எஃப்எஸ்ஃப்ரீஸ் ஓடியதும் சர்வர் உறைகிறது

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு என் ஸ்னாப்ஷாட் ஸ்கிரிப்ட் ஓடினால் டெபியன் லினக்ஸ் சர்வர் அப்படியே நிற்கிறது. ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுக்கும் முன் அது எஃப்எஸ்ஃப்ரீஸ் கட்டளையால் ஃபைல் சிஸ்டத்தில் எழுதுவதை நிறுத்தி வைக்கும்; எடுத்ததும் அன்ஃப்ரீஸ் செய்யும். பிங் போகிறது, லாகின் ஆகவில்லை. முன்பே திறந்திருந்த டெர்மினலில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ப்ராசஸ் ‘டி’ நிலையில் (இடைமறிக்க முடியாத காத்திருப்பு) இருக்கின்றன. கட்டாயமாகக் கொல்லும் கில் 9-க்கும் அசையவில்லை. கர்னல் லாகில் ‘ப்ராசஸ் 120 விநாடிக்கு மேல் சிக்கியிருக்கிறது’ என்ற எச்சரிக்கை. டிஸ்க் போச்சா?

பதில் 1: டிஸ்க்கைத் திட்டாதீர்கள். சிஸ்ஆர்க்யூ (கர்னலுக்கே நேராகப் போகும் அவசரக் கட்டளை) டபிள்யூ அடித்து, சிக்கிய ப்ராசஸ் ஒவ்வொன்றும் கர்னலில் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸ் எடுங்கள்.

கேட்டவர்: எடுத்தேன். எழுத வந்த எல்லாமே பெர்சிபியு டவுன் ரீட்டில், அதாவது ஒரு கர்னல் பூட்டுக்காக, காத்திருக்கிறது. லாக்டெப் (பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்ட கர்னலிலும் சத்தமில்லை.

பதில் 2: லாக்டெப் பேசாது. ஃப்ரீஸ் கட்டளை முடிந்ததும் அந்தப் பூட்டு யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) கைக்குப் போனதாகக் கணக்கு. அதை விடுவிக்க வேண்டியவர் உங்கள் ஸ்கிரிப்ட். அது எங்கே லாக் எழுதுகிறது? நானும் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன். இப்போதைக்கு சிஸ்ஆர்க்யூ ஜே அடியுங்கள், உறைந்ததெல்லாம் இளகும்.

கேட்டவர்: அடக் கடவுளே! ஃப்ரீஸுக்கும் அன்ஃப்ரீஸுக்கும் நடுவில் ‘ஸ்னாப்ஷாட் ஆரம்பம்’ என்று ஒரு எக்கோ, உறைய வைத்த அதே ரூட் பார்ட்டிஷனில் உள்ள லாகுக்கு. அந்த எழுத்திலேயே ஸ்கிரிப்ட் சிக்கி, அன்ஃப்ரீஸ் வரை போகவே இல்லை. லாகை ரன் டைரக்டரிக்கு மாற்றினேன், அது மெமரியில் இருக்கும் டெம்ப்எஃப்எஸ்தானே. சரியாகிவிட்டது.