கடித்த நாய் கூண்டில் விழவில்லை: கூண்டில் குறையா, வைத்த விதத்தில் குறையா?

நான்காம்ஷிப்ட்:
விலங்குக் கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள். ஒருவரைக் காலில் கடித்த தெருநாய். நடுத்தர உயரம், செம்பழுப்பு நிறம், உரிமையாளர் யாரும் இல்லை. கடித்து நான்கு நாள் ஆகிறது. சுருக்குக்கம்பை (நுனியில் கழுத்தில் மாட்டும் சுருக்கு உள்ள கம்பு) தூரத்தில் கண்டாலே ஓடிவிடுகிறது. மூன்று இரவு கூண்டு வைத்தாயிற்று. முதல் இரவு பூனை விழுந்தது, இரண்டாம் இரவு காலி, மூன்றாம் இரவு இரையைக் காணோம், ஆனால் கதவு விழவே இல்லை. கூண்டு 90 செ.மீ. நீளம், மிதிதட்டு வகை (உள்ளே இருக்கும் தட்டை மிதித்தால் கதவு விழும்). இரை கூண்டின் நடுவில் வைக்கப்பட்டது. ரேபிஸ் (வெறிநோய்) அறிகுறி வருகிறதா என்று பத்து நாள் கண்காணிக்க நாய் உயிரோடு வேண்டும். பிடித்தால் அந்தப் பத்து நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கூண்டுவண்டி:
முதலில் கடிபட்டவரைக் கவனியுங்கள் சகோ. நாய் கிடைக்கட்டும் என்று யாரும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. கடித்த உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினாரா, மருத்துவரிடம் போனாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள். போகவில்லை என்றால் நான்கு நாள் கழிந்தும் போகத்தான் வேண்டும். நாய் கிடைத்து நலமாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இனி கூண்டு. 90 செ.மீ. பூனைக்குச் சரி, நடுத்தர நாய்க்குக் குட்டை. மிதிதட்டை நாய் மிதிக்கும்போது அதன் இடுப்பு கதவைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். உங்கள் கூண்டில் பின்பாதி வெளியே நிற்கும், கதவு முதுகில் விழும், நாய் பின்வாங்கித் தப்பிவிடும். அப்படி ஒருமுறை அடிபட்ட நாய் அதே மாதிரிக் கூண்டின் பக்கம் மறுபடி எளிதில் வராது. குறைந்தது 120 செ.மீ. கூண்டு எடுங்கள்.

மூன்றாம் இரவு இரை போனதற்கு நடுவில் வைத்ததுதான் காரணம். தட்டுக்கு முன்னாலேயே கழுத்தை நீட்டித் தின்றுவிட்டது. இரை தட்டைத் தாண்டி, பின்சுவரை ஒட்டி இருக்க வேண்டும். பக்கக் கம்பி வழியாகக் கால்விட்டு இழுக்காதபடி இரு பக்கமும் பலகை சாய்த்து வையுங்கள்.

கூண்டு ஆடக் கூடாது. முன்கால் வைத்ததும் ஒரு மூலை "டக்" என்றால் அத்தோடு அந்த இரவு முடிந்தது. சமதளத்தில் வைத்து, நான்கு மூலையையும் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடும் மூலைக்குக் கீழே மண் போட்டு இறுக்குங்கள். பாதத்தில் கம்பி உறுத்தாமல் தரையில் சாக்கு விரித்து மேலே மண் தூவுங்கள். சாக்கின் ஓரம் தட்டுக்கு அடியில் மடங்கினால் தட்டு இறங்காது. கதவு விழாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதவை உடனே விழவைக்காதீர்கள். கம்பியால் கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். முதலில் வாசலுக்கு ஒரு மீட்டர் வெளியே, அடுத்து வாசலில், பிறகு பாதியில், கடைசியாகப் பின்சுவரில். பின்சுவரில் வைத்ததைத் தொடர்ந்து மூன்று வேளை நிம்மதியாகத் தின்ற பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும். இந்த நாட்களில் அந்தத் தெருவில் வேறு யாரும் அதற்குச் சோறு வைக்கக் கூடாது. வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் கூண்டு தோற்பது இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான்.

வலைக்கம்பு:
கூண்டைப் பற்றி அண்ணன் சொன்னது போதும். சுருக்குக்கம்பு பற்றி மட்டும் சொல்கிறேன். துரத்தப் போகும்போது அதைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். முட்டுச்சந்தில் ஒதுங்கிய நாய்க்கும் கூண்டிலிருந்து மாற்றும் நாய்க்கும்தான் அது.

கிளம்பும் முன் சுருக்கை இறுக்கி, விடுவிப்பானை இழுத்து, பத்துமுறை சோதியுங்கள். கம்பிவடத்தின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் கழுத்தை அறுக்கும். வடம் மடங்கி முறுக்கிக் கொண்டிருந்தால் விடுவிக்கும்போது சிக்கும். இரண்டுக்குமே ஒட்டுப்போடாமல் புது வடம் மாற்றுங்கள். சுருக்கு கம்போடு சேரும் சுழல்மூட்டு தடையில்லாமல் சுழல வேண்டும். பிடிபட்ட நாய் தரையில் புரண்டு புரண்டு உருளும். மூட்டு சுழலாவிட்டால் ஒவ்வொரு புரளலுக்கும் குரல்வளை இறுகும்.

முடிந்தால் கழுத்தோடு ஒரு முன்காலும் சுருக்குக்குள் வரட்டும், மூச்சு அடைபடாது. தூக்கக் கூடாது, தரதரவென்று இழுக்கக் கூடாது. பின்னுடலை இன்னொருவர் தாங்க வேண்டும். ஈறு நீலம் பாய்ந்தால் அந்த நொடியே தளர்த்துங்கள். பூனைக்குக் கழுத்தில் மட்டும் சுருக்கை ஒருபோதும் போடாதீர்கள்.

கால்நடை_உதவி:
நாள் எண்ணுவது பற்றி. பத்து நாள் என்பது கடித்த நாளிலிருந்து, பிடித்த நாளிலிருந்து அல்ல. நோயுள்ள நாயின் எச்சிலில் வைரஸ் வருவது அறிகுறிக்குச் சில நாட்களுக்கு முன்புதான். அதனால் கடித்துப் பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். எட்டாம் நாள் பிடித்தால் மீதி இரண்டு நாள் பார்த்தால் போதும். பன்னிரண்டாம் நாள் கிடைத்தாலும் வீண் இல்லை.

ஆனால் இதெல்லாம் *அதே நாய்* என்று உறுதியானால்தான். "செம்பழுப்பு நாய்" ஒரு தெருவில் நான்கு இருக்கும். வேறு நாயைப் பத்து நாள் அடைத்து வைத்து "நலம்" என்று எழுதிக்கொடுத்தால் கடிபட்டவர் ஊசியை நிறுத்திவிடக் கூடும். இந்த வேலையில் நான் மிகவும் பயப்படும் தவறு இதுதான். வலப்பக்கம், இடப்பக்கம், முகம், வால் என்று படம் எடுங்கள். காது வெட்டு, பாதத்து வெள்ளை, தழும்பு ஆகியவற்றைக் குறியுங்கள். கடிபட்டவரிடமும் நேரில் பார்த்த இன்னொருவரிடமும் தனித்தனியாகக் காட்டிக் கேளுங்கள்.

கண்காணிப்பு முடியும் வரை ரேபிஸ் ஊசி போட வேண்டாம். ஊசியால் வரும் சோர்வும் நோயின் அறிகுறியும் குழம்பிவிடும். முடிந்த அன்றே போடுங்கள். இடையில் நாய் இறந்தால் தலையில் அடிபடாமல் பாதுகாத்துக் குளிர்ந்த நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், உறையவிடக் கூடாது. பரிசோதனைக்கு மூளைத்தண்டும் சிறுமூளையும் சிதையாமல் வேண்டும்.

நான்காம்ஷிப்ட்:
மிக்க நன்றி. பூனைகள் விழுவதை எப்படித் தடுப்பது? ஒவ்வொரு முறை பூனை விழும்போதும் ஓர் இரவு போய்விடுகிறது.

கூண்டுவண்டி:
குறிப்பிட்ட ஒரு நாய்தான் வேண்டும் என்றால் மிதிதட்டையே நம்பாதீர்கள். தட்டைச் செயலிழக்கச் செய்துவிட்டு, கதவைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலால் முட்டுக் கொடுங்கள். பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டி 15, 20 மீட்டர் தள்ளி வண்டிக்குள் உட்காருங்கள். பூனை வந்தால் தின்றுவிட்டுப் போகட்டும். நாய் முழுதும் உள்ளே போய், தலைகுனிந்து தின்னத் தொடங்கியபின் இழுங்கள். நாய் இல்லாதபோது ஐந்தாறு முறை இழுத்துப் பழகுங்கள். கயிறு எங்காவது தடுக்கினால் கதவு அரைகுறையாக நிற்கும்.

கதவு விழுந்ததும் ஓடிப்போய்க் கனமான துணியால் நான்கு பக்கமும் மூடுங்கள். இருட்டானால் கம்பியில் மோதிப் பல் உடைத்துக்கொள்வது குறையும். கதவுக்கு மேல் தனியாக ஒரு கொக்கி மாட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும், குலுங்கும்போது கதவு எழும்பும். பெண் நாய் என்றால் மடிக்காம்பைப் பாருங்கள். பால் சுரந்தால் குட்டிகளைத் தேடாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.