அண்டாவில் வெட்டிய இரண்டு எழுத்து பெயரா, இல்லையா?

மேட்டாங்காட்டார்:
நம் மன்றத்தில் டிராக்டர் பற்றிய இழையில் ‘அவினாசி ரோடு’ தம்பி போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அரச்சலூர்ப் பக்கம் உள்ள தோட்டத்து வீட்டில் தாத்தா காலம் முதல் சேர்ந்த அத்தனையையும் ஒழித்துவிட்டாராம். அட்டாலிப் பரணில் இருந்த பித்தளை அண்டா, கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைத்த கவலைச் சால், தகரப் பெட்டி எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. காகிதக் கட்டுகள் பொங்கலுக்கு முதல் நாள், காப்புக் கட்டு அன்று, நெருப்புக்கு. ‘ஒரு வருடம் கை படாத பொருள் குப்பை’ என்று முடிவுரை வேறு. அதைப் பாராட்டிப் பலர் கைதட்டியிருக்கிறார்கள்.

ஒரே கேள்வி கேட்கிறேன். அந்த அண்டாவின் கழுத்தில் யார் பெயர் வெட்டியிருந்தது? நம் கொங்குப் பக்கத்தில் பெயர் வெட்டாமல் சீர்ப் பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறது?

அவினாசி ரோடு:
அண்ணா, நான் உங்கள் வீட்டு அட்டாலியில் ஏறவில்லை. எங்கள் வீட்டைத்தான் சுத்தம் செய்தேன். நடு ஆசாரத்துக் கூடத்தில் மூட்டை, திண்ணையில் மூட்டை, சமையல்கட்டுக்குப் போகும் வழியில் ஓட்டை விழுந்த சொட்டுநீர்க் குழாய்ச் சுருள். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரவில் எழுந்தால் எதிலாவது இடித்துக்கொள்வார். சாக்குக்கு அடியிலிருந்து தேள் வந்தது. இதையெல்லாம் அந்த இழையிலேயே எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு அண்டாவைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அண்டாவில் பெயர் எதுவும் இல்லை. இரண்டு எழுத்து மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தது. அவ்வளவுதான்.

மேட்டாங்காட்டார்:
இரண்டு எழுத்து! அதுதான் பெயர், தம்பி. பாத்திரக் கடையில் உளியை வைத்துத் தட்டுகிறவன் முழு வரலாறா எழுதுவான்? தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பெண்ணின் முதலெழுத்து. அதைப் பார்த்துத்தான் ஊர்ப் பொது விருந்து முடிந்ததும் எந்தப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று பிரித்தார்கள். அப்பாவைப் பெற்ற உங்கள் அப்பாயி பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்தது என்றால் அது உங்கள் தாத்தா சொத்துகூட இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படியுங்கள். பெண்ணின் சொத்து அவளுக்கே முழு உரிமை. அவள் உயில் எழுதாமல் போனால் 15-ஆம் பிரிவின்படி கணவனுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். உங்கள் அத்தைமார்களைக் கேட்டீர்களா? இரண்டு எழுத்தில் ஒன்று அவர்கள் தாயின் எழுத்து.

தாராபுரத்து மருமகள்:
அண்ணா, அண்டாவின் உரிமையைப் பற்றிப் பேசுகிற நீங்கள் அதை யார் துலக்குவது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. எங்கள் வீட்டில் பெரிய அண்டா, சின்ன அண்டா, தவலை, குடம், கொப்பரை என்று ஓர் அறை நிறைய இருக்கிறது. ஆடிக்கும் பொங்கலுக்கும் இறக்கிப் புளி போட்டுத் துலக்குவது நானும் என் மாமியாரும். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பூச்சு போன பித்தளையில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் களிம்பு ஏறும், வாந்திதான். கல்யாணம் எல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. பாத்திரம் சமையல்காரரே கொண்டுவருகிறார். பின் எதற்கு இந்தக் காவல்?

இன்னொன்று. வீடு ஒழிப்பவர்கள் முதலில் இறக்கவேண்டியது பூச்சிமருந்து டின்கள். பருத்தி போட்ட காலத்தில் வாங்கியவை எங்கள் அட்டாலியில் தானிய மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தன. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்துவிட்டது. டின் மட்டும் இன்னும் பல தோட்டத்து வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. கழுவி அதில் உப்பு போட்டு வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே யாராவது பேசுங்கள்.

மேட்டாங்காட்டார்:
அம்மணி, துலக்குவது சிரமம் என்றால் துலக்காமல் வையுங்கள். பித்தளை கறுத்தால் செத்துப்போகாது. ஈயம் பூச ஆள் இல்லை என்பதும் சரியல்ல. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சார உப்பு தூவி, பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தால் பளபளத்துவிடும். பாத்திரக் கடையில் கேட்டால் ஆள் சொல்வார்கள். காரீயம் கலக்காமல் பூசச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் என் கேள்வி அதுவல்ல. இரண்டு எழுத்து பெயரா, இல்லையா? தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

அவினாசி ரோடு:
சொல்லிவிட்டேன். இரண்டு எழுத்து பெயர் ஆகாது. நீங்கள் வேண்டுமானால் உங்கள் ரேஷன் கார்டில் இரண்டு எழுத்து மட்டும் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்ப் பாருங்கள்.

சட்டம் எனக்கும் தெரியும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் நூறு ஆண்டு ஆன பொருள்தான் தொல்பொருள். எங்கள் அண்டா அப்பாயி கல்யாணத்தில் வந்தது, நூறு ஆகவில்லை. அத்தைமார்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒருவர் ‘வேண்டாம் சாமி, இங்கேயே வைக்க இடமில்லை’ என்றார். மற்றவர் திரும்ப அழைக்கவில்லை.

பத்திரக்கட்டு:
அண்டா போகட்டும். காகிதக் கட்டை நெருப்பில் போட்டதாகச் சொல்கிறீர்களே, பிரித்துப் பார்த்தீர்களா? நான் பத்திரம் எழுதும் தொழிலில் தலை நரைத்தவன். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் எத்தனையோ பட்டாக்களில் பெயர் மாறி விழுந்தது. அண்ணன் பெயரில் தம்பி காடு, உட்பிரிவு மாறிய காடு. அதைத் திருத்தப் போகிறவனிடம் அதிகாரி கேட்பது அதற்கு முந்தைய காகிதம். அது தகரப் பெட்டியில்தான் இருக்கும்.

அவினாசி ரோடு:
இப்போது வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் கைபேசியில் வருகின்றன. கரையான் தின்ற காகிதத்தை எதற்குக் கட்டிக் காக்கவேண்டும்?

பத்திரக்கட்டு:
வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். பதியாத பாகப்பிரிவினைச் சீட்டு வராது. ஒரே கிணற்றில் நான்கு பங்காளிகள் முறை வைத்து இறைத்தார்களே, யாருக்கு எந்த நாள், யாருக்கு எத்தனை மணி நேரம் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தார்களே, அது எந்த இணையதளத்தில் இருக்கிறது? முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தை நீதிமன்றம் உண்மை என்று அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 90-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. உங்கள் பெட்டிதான் அந்த உரிய இடம். அதைக் கொளுத்திவிட்டு, நாளைக்குப் பங்காளி கிணற்றில் குழாய் இறக்கினால் எதைக் காட்டுவீர்கள்?

சென்னிமலை அடிவாரம்:
முதலில் ஒரு விஷயம். காப்புக் கட்டு அன்று எரித்ததாக எழுதியிருக்கிறாரே, அது எந்த ஊர் வழக்கம்? நம் பக்கத்தில் அன்று வீடு வழித்துச் சுண்ணாம்பு அடித்து, வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் கட்டி, வாசலிலும் சாளையிலும் காட்டிலும் செருகுவோம். பழையதைத் தெருவில் போட்டுக் கொளுத்துவது வடக்கே நடப்பது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இங்கே டயரைக் கொளுத்த ஆரம்பித்திருக்கிறார்கள்.

வேலூர் மாப்பிள்ளை:
போகி தமிழர்கள் எல்லோருக்கும் பொது. உங்கள் ஊரில் இல்லை என்பதால் வழக்கமே இல்லை என்று சொல்லவேண்டாம். பழைய பாயும் துடைப்பமும் எரிப்பதில் என்ன குறை? டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கவேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எங்களுக்கும்தான் சொல்கிறது. நானும் ஈரோட்டில் வீடு கட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ‘வடக்கே’ என்று தள்ளிவைக்கிற பேச்சு எனக்குப் பழகிப்போய்விட்டது.

சென்னிமலை அடிவாரம்:
யாரையும் தள்ளிவைக்கவில்லை. பூளைப்பூ எங்கே பூக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வேலூர் மாப்பிள்ளை:
சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வாங்கித்தான் கட்டுகிறேன். நீங்களும் வாங்கித்தான் கட்டுகிறீர்கள்.

மேட்டாங்காட்டார்:
பூளைப்பூவை விடுங்கள். பேச்சை மாற்றத்தான் தம்பி காத்திருக்கிறார். அண்டாவோடு போன கவலைச் சால் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

கவலை ஓட்டியவன் மகன் நான். இரும்புச் சால், அதன் அடியில் தோல் குழாயான தும்பி. வடக்கயிறு சாலைத் தூக்கும். வால்கயிறு தும்பியை மடக்கிப் பிடிக்கும். எருதுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். வந்த நொடியில் வால்கயிறு தளர்ந்து தும்பி விரியும். தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலுக்குப் போகும். எருதுகளைப் பின்னுக்கு நடத்தி மறுபடி இறக்கவேண்டும். விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் சோளக்காட்டில் கொஞ்சம் நனையும். நீலகிரியில் பைக்காராவில் 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். 1937-இல் கோயம்புத்தூரிலேயே மோட்டார் செய்தார்கள். அந்த இரண்டும்தான் கவலையை நிறுத்தின. கீழ்பவானி வாய்க்கால் 1950-களில் வரும்வரை மேட்டுக் காட்டுக்காரனுக்குக் கிணறு தவிர நாதியில்லை. அவன் வாழ்ந்ததற்கு மிச்சமாக இருக்கும் சாட்சி அந்தச் சால். அதை ஒரு வருடம் கை படவில்லை என்று எடை போட்டிருக்கிறார்! அது ஐம்பது வருடமாகக் கை படாமல் இருக்கிறது. அதனால்தான் அதை வைத்திருக்கவேண்டும்.

புலவர் செ. இராசு 2023-இல் மறைந்தார். கொங்கு நாட்டு வீடுகளில் கிடந்த ஓலைகளையும் செப்பேடுகளையும் தேடி எடுத்துப் பதிப்பித்தவர். அவர் வருவதற்கு முன் யாராவது ‘கை படவில்லை’ என்று கடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தம்பி சொன்ன அதே 1972 சட்டத்தில் வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணத்துக்கு 75 ஆண்டு போதும். பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். இரண்டு எழுத்து பெயரா, இல்லையா?

அவினாசி ரோடு:
சால் மேல் அவ்வளவு பாசம் என்றால் உங்கள் வீட்டுச் சால் எங்கே? சொட்டுநீர் இழையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைக் காங்கேயம் சாலையில் ஓர் உணவகத்துக்காரர் வாசலில் பூச்செடி வைக்க வாங்கிக்கொண்டு போனார் என்று. உங்கள் சால் விற்பனைக்குப் போனால் வரலாறு, என் சால் போனால் குற்றமா?

மேட்டாங்காட்டார்:
அது முழுதாக இருக்கிறது. உடைத்து உலையில் போடவில்லை. போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள். உங்கள் சால் இப்போது கட்டடக் கம்பியாகியிருக்கும். கொட்டாய் கட்டுகிற இழையிலும் இப்படித்தான் என் பழைய பதிவைத் தோண்டினீர்கள். அன்றைக்கும் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

தாராபுரத்து மருமகள்:
பூச்சிமருந்து டின்னைப் பற்றிக் கேட்டேன். சாலுக்கும் பூளைப்பூவுக்கும் இவ்வளவு பேர் வந்தீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிற விஷத்துக்கு ஒருவரும் வரவில்லை. பழைய டப்பா தொலைக்காட்சிப் பெட்டியும் அப்படித்தான். அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. கடைக்காரர் செம்புக் கம்பிக்காக அதை வாசலிலேயே உடைக்கிறார். மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் முதல் புதிய விதி வந்துவிட்டது. அதற்கென்று அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் கொடுக்கவேண்டும்.

மேட்டாங்காட்டார் அண்ணா, எங்கள் வீட்டில் இருக்கிற பவானி ஜமுக்காளம் எதையும் நான் கொடுக்கமாட்டேன். பத்து பேர் உட்காரலாம், துவைத்தால் புதிதாகிவிடும். அண்டாவைக் கொடுப்பேன். எதை வைப்பது என்று துலக்குகிறவள் முடிவு செய்யட்டும்.

மேட்டாங்காட்டார்:
துலக்குகிறவளுக்கு உரிமை உண்டு என்றால் சீராகக் கொண்டுவந்தவளுக்கு அதைவிட உண்டு. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு எழுத்து.

தாராபுரத்து மருமகள்:
கொண்டுவந்தவளும் துலக்கினாள், அண்ணா. அவளை யாரும் கேட்கவில்லை.

பத்திரக்கட்டு:
காகிதம் எரிந்ததா, இன்னும் மிச்சம் இருக்கிறதா? அதைச் சொல்லாமல் போகிறார்.

அவினாசி ரோடு:
மின்கட்டண ரசீதும் உர மூட்டைச் சீட்டும்தான் எரிந்தன. முத்திரைத் தாள் எதுவும் அதில் இல்லை. பெரியப்பா இருந்து பார்த்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மாட்டுச்சாளை அட்டாலியை இறக்கப்போகிறேன். அங்கே ஒரு தவலை இருக்கிறது. அதிலும் இரண்டு எழுத்துதான். யாருக்கு வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வாடகை உங்களுடையது.

மேட்டாங்காட்டார்:
தவலையை எனக்கு எதற்குக் கொடுக்கிறீர்கள்? திரும்ப அழைக்காத அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்குங்கள். எழுத்தை அவர் படிப்பார்.

வேலூர் மாப்பிள்ளை:
எனக்கு வேண்டும். எடை எவ்வளவு இருக்கும்?

சென்னிமலை அடிவாரம்:
பார்த்தீர்களா, எடை கேட்கிறார்.