உயிர்த்தெழுதலும் உயிர்மீள்வும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இறையியல் கலைச்சொல் இழையில் நேற்று வந்த மடலிலிருந்து:

> லாசரு உயிர்பெற்றதற்கும் இயேசு உயிர்பெற்றதற்கும் ‘மறுவுயிர்ப்பு’ என்ற ஒரே சொல் போதும். இரண்டிலும் இறந்தவர் மறுபடி உயிர்பெறுகிறார். சொல்லும் சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் நல்லதுதான். ஆனால் இந்தப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு நிகழ்வுகளையும் ஒரே சொல்லில் அடைத்தால், கிறிஸ்தவ நம்பிக்கை எதன்மேல் நிற்கிறதோ அதற்கு நம் அகராதியில் பெயரே இல்லாமல் போய்விடும். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யோவான் நற்செய்தியில் வரும் இரண்டு கல்லறைகளை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாளாகிவிட்டது. கல்லை எடுக்கச் சொன்னதும் நாற்றம் வீசுமே என்கிறாள் அவன் சகோதரி மார்த்தாள். இயேசு பெயர் சொல்லி அழைத்த குரலுக்கு லாசரு வெளியே வருகிறான். கையும் காலும் சவத்துணியால் கட்டியபடி, முகத்தில் சுற்றிய துணியோடு வருகிறான். கட்டை அவிழ்த்துவிட இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. பிறகு 20ஆம் அதிகாரத்தில் பேதுரு வேறொரு கல்லறைக்குள் நுழைகிறார். துணிகள் கிடக்கின்றன. தலையைச் சுற்றியிருந்த துணி மட்டும் மற்றவற்றோடு சேராமல், தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உடல் இல்லை. முகத்துணிக்கு இரண்டு இடத்திலும் யோவான் எழுதும் கிரேக்கச் சொல் ஒன்றே: சூடாரியோன். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. லாசருவுக்கு அந்தத் துணி இன்னொரு நாள் மறுபடியும் வேண்டியிருக்கும். இயேசுவுக்கு இனி வேண்டாம்.

லாசரு திரும்பி வந்தது பழைய வாழ்க்கைக்கே. அடுத்த அதிகாரத்திலேயே தலைமைக் குருக்கள் அவனையும் கொன்றுவிட ஆலோசிக்கிறார்கள். கொல்ல முடிகிற உடலோடுதான் அவன் வந்திருக்கிறான். யவீருவின் மகள், நாயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகன், எலியா எழுப்பிய சாறிபாத் சிறுவன், எலிசா எழுப்பிய சூனேம் சிறுவன், யோப்பாவில் தபீத்தாள், துரோவாவில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு ஆகிய எல்லாரும் இந்த வரிசையில் வருகிறவர்கள். பெரிய அற்புதங்கள்தாம், ஆனால் இவர்கள் எல்லாரும் பின்னால் இறந்துபோகிறவர்கள். இயேசுவைப் பற்றி உரோமையருக்கு எழுதும்போது திருத்தூதர் பவுல் சொல்வது வேறு: எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை, மரணத்துக்கு அவர்மேல் இனி ஆளுகை இல்லை. அந்த ‘இனி இல்லை’ எங்கே பொருந்துகிறதோ அங்கே ஒரு சொல், பொருந்தாத இடத்தில் வேறொரு சொல் என்று எல்லை வகுப்பதே சரி.

‘மறு’ என்ற முன்னொட்டைப் பற்றி இன்னொரு நண்பர் கேட்டிருந்தார்:

> மூலச்சொல்லிலேயே ‘மறுபடி’ என்ற பொருள் இருக்கிறதே, அதைத் தமிழில் விடலாமா?

ஆங்கில resurrection சொல்லில் உள்ள ‘re’ என்ற அந்த முன்னொட்டு இலத்தீன் வழியாக வந்தது. புதிய ஏற்பாட்டின் மொழி கிரேக்கம். அங்கே பெயர்ச்சொல் அனாஸ்தாசிஸ்: எழுந்து நிற்பது. ‘அனா’ இந்த இடத்தில் ‘மேல்நோக்கி’ என்ற பொருளில் வருகிறது. பழைய கத்தோலிக்கச் செபங்களில் ‘சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் இக்குழுவில் சிலராவது இருப்பீர்கள். வடமொழி உத்தானமும் மேலெழுந்து நிற்பதுதான். ‘ஸ்தா’ என்ற அதே பழைய வேர் இரண்டு மொழிகளிலும் நிற்கிறது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இன்று அது வழக்கில் இல்லை, திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அவர் பிடித்த பொருளை நாம் நழுவவிடக் கூடாது.

வினைச்சொல்லாக அதிகம் வருவது எகெய்ரோ: உறங்குகிறவரை எழுப்புவது, விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது இரண்டும் அதில் உண்டு. இங்கே தமிழுக்கு வாய்த்திருப்பதைப் பாருங்கள். ‘எழு’ என்ற நம் வினையிலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. துயிலெழுகிறோம், இருக்கையை விட்டு எழுகிறோம், பள்ளியெழுச்சி பாடுகிறோம். யவீருவின் வீட்டில் ‘பிள்ளை உறங்குகிறாள்’ என்று இயேசு சொன்னதும், ‘சிறுபெண்ணே, எழுந்திரு’ என்று கையைப் பிடித்ததும் தமிழில் ஒரே மூச்சில் இயல்பாக ஒலிப்பதற்கு இந்த வினைதான் காரணம். ‘எழு’ இல்லாத ‘மறுவுயிர்ப்பு’ இந்தச் செல்வத்தை இழந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பவுலின் வாக்கியங்களில் பெரும்பாலும் கடவுளே எழுவாய்: கடவுள் இயேசுவை எழுப்பினார், இயேசு எழுப்பப்பட்டார். யோவானிலோ, உயிரைக் கொடுக்கவும் மீண்டும் எடுத்துக்கொள்ளவும் தமக்கு அதிகாரம் உண்டு என்று இயேசுவே சொல்கிறார். இரண்டையும் தாங்கும் சொல் வேண்டும். எழு–எழுப்பு, உயிர்–உயிர்ப்பி என்ற தன்வினை பிறவினை இணைகள் நமக்குத் தயாராக இருக்கின்றன. மறுவுயிர்ப்பிலிருந்து இப்படி ஒரு பிறவினையை நெருடல் இல்லாமல் எடுத்துக்காட்டினால் என் எதிர்ப்பில் பாதியை விட்டுவிடுகிறேன்.

‘மறு’வில் எனக்குள்ள பெரிய அச்சம் மறுபிறப்பு. ‘உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு’ என்ற குறளில் சாவு உறக்கம், அதிலிருந்து விழிப்பது பிறப்பு. அதற்கு முந்தைய குறளில் உடம்பு குடம்பை (கூடு), உயிர் பறவை. குடம்பை தனியே கிடக்க, பறவை பறந்துவிடுகிறது. தமிழில் சாவைப் பற்றி யோசிக்கும் எவர் மனத்திலும் இந்த இரண்டு படிமங்களும் ஊறிப்போயிருக்கின்றன. கிறிஸ்தவ நம்பிக்கையும் உறக்கம் என்ற உருவகத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் விழிப்பது வேறொரு பிறவியில் அல்ல. இறந்த அதே ஆள், அதே பெயரோடு, தன் உடலோடு எழ வேண்டும். ஆணித்தழும்பு ஆறாத கைகளைச் சீடர் தோமாவுக்குக் காட்டியவர் சிலுவையில் தொங்கிய அதே ஆள்தான். குடம்பையை விட்டுவிட்டுப் பறவை தப்பியது என்று சொல்லி இந்தச் செய்தியை முடிக்க முடியாது. போதாக்குறைக்கு ‘மறுபிறப்பு’ என்ற சொல்லே கிறிஸ்தவத் தமிழில் திருமுழுக்கோடும் மனமாற்றத்தோடும் சேர்ந்து வேறொரு வேலை செய்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ‘மறு’வை நிறுத்தினால் வாசகர் தடுமாறுவார்.

உடல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டிருந்தீர்கள். இந்த எதிர்பார்ப்பு யூத மண்ணில் துன்புறுத்தலின் நடுவே கூர்மை பெற்றது. கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கொடுமைகளைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு சகோதரர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். மூன்றாமவன் தன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டி, இவற்றை விண்ணிலிருந்து பெற்றேன், மீண்டும் அங்கிருந்தே பெற்றுக்கொள்வேன் என்கிறான். வெட்டப்பட்ட கைக்கு நீதி என்றால் அந்தக் கையே திரும்பக் கிடைக்க வேண்டும். உயிர் மட்டும் எங்கோ நலமாக இருக்கிறது என்ற ஆறுதல் அவனுக்குப் போதவில்லை. கொடுங்கோலன் அழித்ததைக் கடவுள் திரும்பத் தருவார் என்பதே அவன் வழக்கு. இந்த நம்பிக்கையை யூத சமயப் பிரிவினருள் பரிசேயர் ஏற்றார்கள், சதுசேயர் மறுத்தார்கள். ஏற்றவர்களும்கூட அது உலக முடிவில் எல்லாருக்கும் ஒன்றாக நடக்கும் என்றே காத்திருந்தார்கள். நடுவில், ஒரே ஒருவருக்கு, ஒரு ஞாயிறு காலையில் அது நடந்துவிட்டது என்றதுதான் சீடர்கள் சொன்ன புதுச்செய்தி. பவுல் அதற்கு இட்ட பெயர் ‘முதற்பலன்’: அறுவடையில் முதலில் எடுத்துப் படைக்கும் கதிர். முதல் கதிர் வந்தால் மிச்ச வயலும் விளையும். கிறிஸ்துவின் எழுதலும் இறந்தோர் அனைவரின் எழுதலும் ஒரே அறுவடை என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் ஆள வேண்டும். லாசருவைத் தனியே பிரிப்பதில் நான் எவ்வளவு பிடிவாதமோ, இவற்றைச் சேர்த்து வைப்பதிலும் அவ்வளவு பிடிவாதம்.

கிரேக்கர்களுக்கு இது எவ்வளவு அந்நியமாக ஒலித்தது என்பதற்குத் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரமே சாட்சி. ஏதென்ஸில் பவுல் இயேசுவையும் அனாஸ்தாசிஸையும் அறிவித்தபோது, ஏதோ அந்நிய தெய்வங்களை அறிவிக்கிறார் என்றார்கள் சிலர். அனாஸ்தாசிஸ் என்பதை ஒரு தேவதையின் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது பழைய உரைகாரர்கள் காலத்திலிருந்து வரும் விளக்கம். ஆன்மா அழியாதது என்று சொல்லியிருந்தால் அந்த ஊரில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இறந்தவர் எழுவதைச் சொன்னதும் சிலர் கேலி செய்தார்கள். 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் இறையியலாளர் ஆஸ்கர் குல்மான் இந்த வேறுபாட்டை இரண்டு சாவுகளைக் கொண்டு விளக்கினார். சாக்ரட்டீஸ் அமைதியாக நஞ்சை அருந்துகிறார், சாவு அவருக்கு விடுதலை தரும் நண்பன். கைதாகும் முன் கெத்சமனியில் இயேசு கலங்கி நடுங்குகிறார், சாவு அவருக்குப் பகைவன். பகைவன் என்றால்தான் வெற்றி என்ற பேச்சுக்கே இடம் உண்டு. ஆகவே ‘ஆன்ம அழியாமை’ நம் பட்டியலில் தனிப்பதிவாக இருக்கட்டும். இரண்டையும் ஒருபொருள் சொற்களாகக் காட்ட வேண்டாம்.

லாசரு வரிசைக்கு என் பரிந்துரை ‘உயிர்மீள்வு’. ‘மீள்’ என்பது போன வழியே திரும்பி, விட்ட இடத்துக்கே வருவது. வேதாகமமே இப்படித்தான் பேசுகிறது. சாறிபாத் சிறுவனின் ஆத்துமா அவனுக்குள் திரும்பி வந்தது, யவீருவின் மகளுக்கு உயிர் திரும்ப வந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. லாசரு உயிர்மீண்டான், இயேசு அவனை உயிர்மீட்டார் என்று வினையாக்கவும் தடையில்லை. முன்பு ஒருவர் சொன்ன ‘மீளுயிர்ப்பு’ம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் உயிர்ப்பு இருப்பதால், உயிர்ப்பின் ஒரு வகைதான் இது என்று படிப்பவர் நினைப்பார்.

மற்றதற்கு நெடுங்காலமாக வழங்கும் ‘உயிர்த்தெழுதல்’ நிற்கட்டும். தொகைச்சொற்களுக்குக் கத்தோலிக்க வழக்கிலுள்ள ‘உயிர்ப்பு’ கைகொடுக்கும்: உயிர்ப்பு ஞாயிறு, உயிர்ப்பு நம்பிக்கை. உயிர்ப்பு என்றால் மூச்சு என்றும் பொருள் உண்டே, குழப்பம் வராதா என்று கேட்டவருக்கு என் பதில்: வரட்டும், அது நமக்குக் கிடைத்த வரம். இறைவாக்கினர் எசேக்கியேல் காட்சியில் கண்ட எலும்புகள் தசையும் தோலும் மூடிய பிறகும் மூச்சு புகும்வரை எழுந்து நிற்கவில்லை. எழுந்த இயேசு பூட்டிய அறைக்குள் வந்து சீடர்கள்மேல் ஊதினார். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்று சொல்லும் மொழிக்கு இந்தத் தொடர்பு தானாகவே விளங்கும்.

எனக்கு இன்னும் நெருடலாக இருப்பது ‘ஆவிக்குரிய சரீரம்’. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய சோமா நியூமாத்திகோன் என்பதன் பெயர்ப்பு அது. தமிழில் ‘ஆவி’ என்றதும் புகைபோன்ற ஓர் உருவம்தான் கண்முன் வருகிறது. லூக்கா 24இல் சீடர்கள் பயந்ததும் அதற்குத்தான். ஆவிக்குச் சதையும் எலும்பும் இல்லையே என்று சொல்லி, பொரித்த மீனை அவர்கள் கண்முன் வாங்கி உண்டு காட்டினார் இயேசு. பவுலின் பெயரடை உடல் எதனால் ஆனது என்பதைச் சொல்வதற்காக வரவில்லை, எதனால் இயங்குகிறது என்பதைச் சொல்ல வருகிறது. ‘ஆவி இயக்கும் உடல்’ என்று நான் எழுதிப் பார்த்தேன். பொருள் சரியாக வருகிறது, ஓசை வரவில்லை. இதைவிட நல்லது ஒன்று யாருக்காவது தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்.

பதிவுகளை இப்படி அமைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உயிர்த்தெழுதல், சுருக்கமாக உயிர்ப்பு: இறந்தவர் கடவுளால் உடலோடு எழுப்பப்பட்டு, இனி இறக்காத வாழ்வுக்குள் செல்லுதல், கிறிஸ்துவுக்கும் இறுதி நாளில் அனைவருக்கும் உரியது. உயிர்மீள்வு: இறந்தவர் முன்னிருந்த வாழ்வுக்கே திரும்புதல், மீண்டும் இறப்பவர். ‘இறப்புக்கும் உயிர்ப்புக்கும் இடைப்பட்ட நிலை’ பற்றிய சொல்லைத் தனி இழையில் பேசுவோம். அதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு அதிகம், இந்த இரண்டு பதிவுகளையும் அது தாமதப்படுத்த வேண்டாம்.

அன்புடன்.