இரட்டைத் தொனிச் சோதனை: அனலைசரில் இரு சிக்னல்களும் ஒரே மேடாகத் தெரிகின்றன

கேள்வி – நாற்பதுமீட்டர்:
வணக்கம். நானே கட்டிய 5 வாட் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கிறேன். கேரியர் 7.100 மெகாஹெர்ட்ஸ், கீழ்ப்பக்கப் பட்டை. மைக் முனையில் 700, 1900 ஹெர்ட்ஸ் தொனிகளைச் சேர்த்துக் கொடுக்கிறேன். வெளியீடு 40 டெசிபெல் பவர் அட்டெனுவேட்டர் (ஆற்றலைக் குறைக்கும் கருவி) வழியாக ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு (அலைவெண் வாரியாகச் சிக்னல் வலிமையைக் காட்டும் கருவி) போகிறது. அது பழைய அனலாக் கருவி. ஆர்பிடபிள்யூ, அதாவது சிக்னல்களைப் பிரித்துக் காட்டும் ஃபில்டரின் அகலம், 100 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இப்போது ஸ்பேன் (திரையில் தெரியும் மொத்த அலைவெண் அகலம்) 100 கிலோஹெர்ட்ஸ், ஆர்பிடபிள்யூ 1 கிலோஹெர்ட்ஸ். இரண்டு முனைகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே மேடு. அதன் உச்சி நிற்காமல் துடிக்கிறது. வீடியோ பேண்ட்விட்த்தை (திரைக் கோட்டை மழுப்பும் ஃபில்டரின் அகலம்) குறைத்தால் துடிப்பு அடங்குகிறது, மேடு பிரியவில்லை. இரு தொனிகளும் ஒன்றோடொன்று கலந்து பக்கத்தில் உண்டாக்கும் தேவையற்ற சிக்னல்கள், அதாவது மூன்றாம் வரிசைக் கலப்பு, எங்கே ஒளிந்திருக்கிறது?

பதில் – பழையகருவி:
நண்பரே, அட்டெனுவேட்டர் போட்டது நல்லது. பல கருவிகளின் உள்ளீட்டு எல்லை 1 வாட்தான். 5 வாட்டை நேரே கொடுத்திருந்தால் அனலைசரின் முதல் மிக்சர் (சிக்னலின் அலைவெண்ணை மாற்றும் பகுதி) போயிருக்கும்.

வீடியோ பேண்ட்விட்த் இரைச்சலையும் துடிப்பையும் மழுப்பும், சிக்னல்களைப் பிரிக்காது. பிரிப்பது ஆர்பிடபிள்யூ ஃபில்டர். உங்கள் தொனிகளுக்கு இடையே 1.2 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. 1 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டருக்குள் இரண்டும் ஒன்றாக நுழைந்து ஒன்றோடொன்று மோதுவதால் எழும் விம்மலைத்தான் துடிப்பாகப் பார்க்கிறீர்கள்.

சம வலிமையுள்ள இரண்டைப் பிரிப்பது எளிது. ஒன்று வலியதாகவும் மற்றது மெலிந்ததாகவும் இருக்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் ஃபில்டரின் சரிவு மெலிந்ததை மூடிவிடும். உங்கள் கலப்பு விளைவுகள் 7.0969, 7.1005 மெகாஹெர்ட்ஸில் வரும்; அதாவது தொனிகளிலிருந்து அதே 1.2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. நான்கு கட்ட அனலாக் ஃபில்டர் என்று வைத்துக் கணக்கிட்டேன். ஆர்பிடபிள்யூ 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்தத் தூரத்தில் சரிவு ஏறத்தாழ 13 டெசிபெல்தான் இறங்கியிருக்கும். 30 டெசிபெல் கீழே இருக்கும் விளைவு அதற்கடியில் புதைந்து கிடக்கும். 300 ஹெர்ட்ஸில் சுமார் 45 டெசிபெல், 100 ஹெர்ட்ஸில் 80க்கும் மேல். ஆக, 100 ஹெர்ட்ஸ் வையுங்கள். அதன் பிறகு எல்லை வகுப்பது பெரும்பாலும் கருவியின் சொந்த ஆசிலேட்டரின் ஃபேஸ் இரைச்சல் (அதன் அலையில் உள்ள சிறு நடுக்கம்).

ஸ்பேனையும் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் 1.2 கிலோஹெர்ட்ஸ் என்பது திரையின் ஒரு கட்டத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்வீப் நேரம், அதாவது திரையை ஒருமுறை கடக்கும் நேரம், ஸ்பேனை ஆர்பிடபிள்யூவின் வர்க்கத்தால் வகுத்ததற்கு ஏற்ப வளரும். இங்கே ஒரு ஸ்வீப்புக்கு 5 வினாடி போல ஆகும். பொறுத்திருங்கள். அவசரப்பட்டு வேகமாக ஓட்டினால் முனை தாழ்ந்து, இடம் தள்ளித் தெரியும்.

பதில் – கைக்கருவி:
ஒரு சந்தேகம், ஐயா. என்னுடைய சிறிய கைக்கருவியில் ஆர்பிடபிள்யூ 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது. இந்தச் சோதனை நடக்குமா?

பதில் – பழையகருவி:
700, 1900 தொனிகளோடு நடக்காது. ஹார்மானிக் (அலைவெண்ணின் மடங்குகளில் வரும் சிக்னல்) பார்க்க அது தாராளமாகப் போதும்.

பதில் – நாற்பதுமீட்டர்:
மிக்க நன்றி. 100 ஹெர்ட்ஸ், 20 கிலோஹெர்ட்ஸ் வைத்ததும் இரண்டு தொனிகளும் ஊசிபோல நின்றன. இருபுறமும் மூன்றாம் வரிசை, தொனியிலிருந்து 24 டெசிபெல் கீழே. இது டிரான்ஸ்மிட்டருடையதுதானா, அனலைசரே உண்டாக்குவதா?

பதில் – பழையகருவி:
அனலைசரின் உள் அட்டெனுவேட்டரை 10 டெசிபெல் கூட்டுங்கள். தொனிக்கும் விளைவுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால் டிரான்ஸ்மிட்டருடையது. கூடினால் அனலைசரின் மிக்சரும் கலப்பில் பங்கு போடுகிறது. இன்னொன்று: உச்ச உறை ஆற்றலோடு (இரு தொனிகளும் ஒன்றுசேரும் உச்சத்தில் உள்ள ஆற்றல்) ஒப்பிட்டால் உங்கள் 24 என்பது 30 ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு தொனியும் அதைவிட 6 டெசிபெல் கீழே. மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடும்முன் அவர்கள் எதை அடிப்படையாகக் கொண்டார்கள் என்று பாருங்கள்.

பதில் – நாற்பதுமீட்டர்:
வித்தியாசம் அசையவில்லை. டிரான்ஸ்மிட்டர்தான்.

பதில் – பழையகருவி:
அப்படியானால் தொனிகளின் அளவை 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் 6 டெசிபெல் போலக் கூடினால், இறுதிக் கட்டத்தை மிகையாக ஓட்டுகிறீர்கள். மைக் கெயினைக் குறைத்தால் போதும். கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, இறுதி டிரான்சிஸ்டர்களின் பயாஸ் மின்னோட்டம் (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஹீட்சிங்க்கில் கை வைத்துச் சூட்டைக் கவனித்துக்கொண்டே செய்யுங்கள்.