ஸ்டீல் பாய்மரப் படகு: எஞ்சினுக்கு அடியில் தகடு 2.8 மி.மீ.

மலேசியாவின் லங்காவியில் கரையேற்றி நிற்கும் ஒரு ஸ்டீல் பாய்மரப் படகுக்கு முன்பணம் கட்டியாயிற்று. புரூஸ் ராபர்ட்ஸ் வடிவமைப்பு, 36 அடி, 1988இல் கட்டியது. அடித்தகடு முதலில் 4 மி.மீ.

பெயின்ட்டைச் சுரண்டி அல்ட்ராசோனிக் கருவியால் 140 இடங்களில் அளந்தோம். பெரும்பாலும் 3.7க்கு மேல். ஸ்டெர்ன் டியூபுக்கு (புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் குழாய்) முன்னால், எஞ்சினுக்கு நேர் கீழே, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் 2.8தான். சுத்தியலால் தட்டினால் மற்ற இடமெல்லாம் கணீர் என்கிறது, அங்கே பொத்தென்கிறது. துரு உள்ளிருந்து வந்தது. தகட்டை உள்ளிருந்து தாங்கும் ஃப்ரேம்களில் நீர் வடியும் துளைகள் அடைத்து, டீசல் கலந்த தண்ணீர் தேங்கிக் கிடந்திருக்கிறது. துளைகளைக் குத்தித் திறந்து, செதில் செதிலாக உரிந்த துருவைச் சுரண்டிய பிறகும் அதே அளவுதான்.

கரையேற்றுமுன் சில்வர் குளோரைடு மின்வாயை (ஒப்பீட்டுக்கான மின்முனை) வைத்து அளந்தபோது படகின் ஸ்டீலின் மின்னழுத்தம் மைனஸ் 650 மில்லிவோல்ட். ஸ்டீலுக்குப் பதில் தான் அரிந்து அதைக் காக்கும் ஜிங்க் வேலை செய்தால் மைனஸ் 800ஐத் தாண்டியிருக்கும். பார்த்தால் ஜிங்க் கட்டிகள் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! அவற்றை மாற்றிவிடலாம், அது பிரச்சினை இல்லை.

மேலே இன்னொரு தகட்டை ஒட்டவைத்து வெல்டிங் செய்தால் போதும் என்கிறார் விற்பவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதுதான் முறை. ஆனால் உள்ளே பாலியூரித்தேன் நுரை ஒட்டியிருக்கிறது, வெல்டிங் சூட்டில் தீப்பிடித்து நச்சுப்புகை கிளம்பும். அதைச் சுரண்ட எஞ்சின் இடம் விடவில்லை.

எஞ்சினை இறக்காமல், வெளியிலிருந்தே அந்தத் தகட்டை வெட்டி மாற்றியவர்கள் யாராவது உண்டா, எப்படிச் செய்தீர்கள்?