கூட்டியைப் பகிர்ந்த டெல்டா-சிக்மா: மாட்டியது எங்கே?

கேரிபிட்:
என் டிசைன்: ஒலியை வேகமான சில பிட்களாக மாற்றும் டெல்டா-சிக்மா மாடுலேட்டர். ஸ்டீரியோ மாஷ் 1-1 (இரண்டு நிலைகள், முதலாவதன் பிழையை இரண்டாவது ரத்து செய்யும்), 20 பிட். 3.072 மெகாஹெர்ட்ஸ் மாடுலேட்டர், 24.576 மெகாஹெர்ட்ஸ் கிளாக், ஒரு சாம்பிளுக்கு 8 சுற்று. நான்கு குவிப்பிகளுக்கும் (உள்ளீட்டைத் தொடர்ந்து கூட்டிச் சேர்ப்பவை, நிலைக்கு ஒன்று) ஒரே 10 பிட் கூட்டி. முதலில் கீழ்ப்பாதி, அடுத்த கிளாக்கில் மேல்பாதி. வரிசை இடது-1, வலது-1, இடது-2, வலது-2. வலது உள்ளீடு மாறிலி, இடதில் 1 கிலோஹெர்ட்ஸ். சிமுலேஷனில் வலது ஸ்பெக்ட்ரத்திலும் அதே 1 கிலோஹெர்ட்ஸ், 120 டெசிபல் கீழே, ஊசி போல!

காரணம்: பாதிகளுக்கு இடையே கேரியை (கூட்டலில் மேலே கொண்டுபோகும் பிட்) தாங்கும் ஃப்ளிப்ஃப்ளாப் (ஒரு பிட் நினைவகம்) அடுத்த கூட்டலுக்கு முன் அழியவில்லை. மேல்பாதியின் கேரிதான் மாஷின் வெளியீட்டு பிட். இடதின் ஒலி முழுக்க அதில்தான் இருக்கிறது. அது வலதின் எல்எஸ்பியில் (மதிப்பு மிகக் குறைந்த கடைசிப் பிட்) விழுந்தால், பிட்டுக்கு 6.02 வீதம் 20 × 6.02, சரியாக 120.4 டெசிபல். கீழ்ப்பாதிக் கட்டத்தில் கேரியைத் தடுக்க ஒரு ஆண்ட் கேட் போதும். இரண்டு சேனலுக்கும் ஒரே சைன் கொடுக்கும் சோதனையில் இது தென்படவே தென்படாது.

மூன்றாம்படி:
மாஷ் 1-1-1-இல் இதைவிடக் கள்ளத்தனமானது ஒன்று. மூன்று நிலைகளும் ஒரே கூட்டியில் அடுத்தடுத்து ஓடுவதால் கேரிகள் வெவ்வேறு கிளாக்கில் வருகின்றன. மூன்று கேரிகளையும் இணைத்து வெளியீடு தரும் பகுதி முதல் கேரி வந்ததுமே பதிவு செய்தால், மற்ற இரண்டும் முந்தைய சாம்பிளுடையவை. முதல் நிலையின் பிழை முழுதாக ரத்தாகாது, இரண்டாம் படியில் வடிவமைந்து (உயர் அலைவரிசைக்குத் தள்ளப்பட்டு) மிஞ்சும். இரைச்சலின் சரிவு 60-க்குப் பதில் 40 டெசிபல்/டெகேட். 20 ஆக விழுந்திருந்தால் யாரும் உஷாராகிவிடுவார்கள். 40 பார்க்க நன்றாகவே இருக்கும். வெளியீடும் −3 முதல் 4 வரைக்குள்ளேயே நிற்கும். சரியான மென்பொருள் மாடலோடு பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

பரப்புக்கணக்கு:
கேரிபிட், அந்த டிசைனில் பரப்பு உண்மையில் குறைந்ததா? 80 முழுக்கூட்டி (ஒரு பிட்டைக் கூட்டுவது) 10 ஆனது, சரி. 80 ஃப்ளிப்ஃப்ளாப் அப்படியேதானே இருக்கின்றன! படிக்க பிட்டுக்கு 8:1 மக்ஸ் (எட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது), அதாவது ஏழு 2:1 மக்ஸ் வீதம் 70. எழுத எனேபிளுக்கு (எந்த ஃப்ளிப்ஃப்ளாப் மாற வேண்டும் என்பதற்கு) இன்னும் 80. மக்ஸுக்கு 12 டிரான்சிஸ்டர் வைத்தால் 1800. மிச்சம் பிடித்த 70 முழுக்கூட்டி, 28 வீதம், 1960. இவ்வளவு பாடும் 160 டிரான்சிஸ்டருக்கா?

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ரெஜிஸ்டர்களை 10 பிட் அகலம், 8 ஆழமுள்ள ஷிஃப்ட் வளையமாகப் போடுங்கள். கூட்டியின் விடை முதல் இடத்தில் நுழையும். எட்டாவது இடத்தில் இருப்பது தானாகவே அந்தக் கட்டத்துக்கு வேண்டிய பழைய மதிப்பு. எனேபிளும் வேண்டாம், 8:1 மக்ஸும் வேண்டாம். கேரிபிட் சொன்ன வரிசையிலேயே போனால் இரண்டாம் நிலைக்கு வேண்டிய முதல் நிலை மீதி (குவிப்பியில் மிஞ்சிய மதிப்பு), சரியாக 4 கிளாக் கழித்து நான்காம் இடத்தில் வந்து நிற்கும். புது உள்ளீடா நான்காம் இடமா என்று தேர்ந்தெடுக்க 10 மக்ஸ். உள்ளீட்டுப் பக்கம் சேனலும் பாதியும் தேர்வது தனி. வரிசையை இடது-1, இடது-2 என்று மாற்றினால் அந்த இடம் இரண்டாவதாகும், அதை மறந்தால் எல்லாமே குப்பை.

இன்னும் வேண்டுமா? இரண்டாம் நிலையின் கடைசிப் பிட்களை வெட்டுங்கள். அந்த வெட்டுப் பிழை ஒருபடி வடிவமைப்போடுதான் வெளியேறும். ஃப்ளிப்ஃப்ளாப் குறைவது அங்கேதான்.

டிதர்:
வளையத்தில் 80 ஃப்ளிப்ஃப்ளாப்பும் ஒவ்வொரு கிளாக்கிலும் நகரும்; பக்கத்துப் பக்கத்து மதிப்புகளுக்குச் சம்பந்தமே இல்லாததால் பாதிப் பிட்கள் புரளும், மின்சாரம் செலவாகும். பேட்டரிக் கருவி என்றால் மக்ஸ் முறைதான் மேல். பரப்பு மட்டும்தான் கணக்கு என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பகிரக் கூடாத ஒன்று எல்எஃப்எஸ்ஆர் (போலி ராண்டம் பிட்களைத் தரும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்). அதன் பக்கத்துப் பக்கத்துப் பிட்களை இடதுக்கும் வலதுக்கும் டிதராக (வேண்டுமென்றே சேர்க்கும் சிறு இரைச்சல்) கொடுத்தால், ஒன்று மற்றதன் ஒரு கிளாக் பிந்திய நகல்தான்; ஒலி அலைவரிசையில் ஒரு கிளாக் தாமதம் தாமதமே இல்லை. இரண்டையும் கூட்டினால் டிதர் இரைச்சல் 3 அல்ல, 6 டெசிபல் ஏறும்.